எந்தத் துறை? எந்த மருத்துவமனை?

"பெரியவளானதும் என்ன ஆகப் போகிறாய்?" என்று யார் கேட்டாலும் நம் வகுப்பில் பாதிப் பேர் "டாக்டர்" என்றுதான் விடை சொல்வோம். முதல் வகுப்பிலிருந்து சொல்லிப் பழகிய விடை அது. ஆனால் "எந்த டாக்டர்?" என்று அடுத்த கேள்வி வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். கண் டாக்டரா, குழந்தை டாக்டரா, அறுவை செய்பவரா? டாக்டராவது ஒரு முடிவு என்றால், எந்த டாக்டராவது என்பது அதனினும் பெரிய முடிவு என்பதை இந்த ஆண்டுதான் நாங்கள் அறிந்துகொண்டோம்.

கடந்த ஜனவரித் திங்களில் நம் பள்ளியின் பழைய மாணவி ஒருவர் சிஸ்டரைக் கண்டு போக வந்திருந்தார். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்து, அமெரிக்காவில் மேற்பயிற்சி பெற்று, இன்று அங்கேயே மனநல மருத்துவராகப் பணிபுரிகிறார். சிஸ்டரின் வேண்டுகோளுக்கு இணங்கி, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியராகிய எங்களோடு இரண்டு பாடவேளைகள் அமர்ந்து பேசினார். அந்த அக்கா கூறியவற்றையும், பின்னர் நாங்கள் படித்து அறிந்தவற்றையும் தொகுத்து இங்கே தருகிறோம். டாக்டர் ஆக விரும்பாத தோழியருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஆகவே பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்!

ரெசிடென்ட் என்பவர் யார்?

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே மருத்துவக் கல்லூரியில் சேர்வது வழக்கமில்லை. நான்கு ஆண்டுகள் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, அதன் பின் நான்கு ஆண்டுகள் மருத்துவம் படிக்க வேண்டும். எட்டு ஆண்டுகள் கழித்து 'டாக்டர்' என்ற பட்டம் கிடைத்துவிடும். ஆயினும் மறுநாளே கிளினிக் திறந்து பலகை மாட்டிவிட முடியாது. ஒரு மருத்துவமனையில் மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில், சம்பளம் பெற்றுக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட துறையில் பல ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும். இதற்கு 'ரெசிடென்ஸி' என்று பெயர். பயிற்சி பெறுபவர் 'ரெசிடென்ட்'.

ரெசிடென்ட் என்றால் குடியிருப்பவர் என்று பொருள். பால்டிமோர் நகரில் 1889ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே பொது மருத்துவத்தில் வில்லியம் ஆஸ்லரும் அறுவை மருத்துவத்தில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் இம்முறையை வளர்த்தனர். இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, இரவு பகலாக நோயாளிகளைப் பார்த்துக் கற்றனர். அதனால் வந்த பெயர் இது. இன்று அவர்கள் தம் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வந்தாலும் பெயர் மட்டும் மாறவில்லை.

இங்கே நம்மைப் போன்ற பெண்கள் பள்ளியினர் மகிழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அம்மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவக் கல்லூரியைத் தொடங்கப் பணம் போதவில்லை. மேரி எலிசபெத் காரெட் என்னும் செல்வப் பெண்மணியும் அவருடைய தோழியரும் நிதி திரட்டிக் கொடுத்தனர். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர்: ஆண்களுக்கு நிகராகப் பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்! 1893இல் கல்லூரி திறந்தபோது முதல் வகுப்பிலேயே பெண்கள் அமர்ந்திருந்தனர். 2019ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, மாணவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பெண்களாக இருந்தனர்.

பயிற்சிக் காலம் துறைக்குத் துறை மாறும். குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகியவற்றுக்கு 3 ஆண்டுகள். மனநல மருத்துவத்துக்கும் மகப்பேறு மருத்துவத்துக்கும் 4 ஆண்டுகள். பொது அறுவைக்கு 5 ஆண்டுகள். மூளை, நரம்பு அறுவைக்கு 7 ஆண்டுகள். இருதய நிபுணராக வேண்டுமானால் பொது மருத்துவத்தின் 3 ஆண்டுகளுக்குப் பின் மேலும் 3 ஆண்டுகள். பத்தாம் வகுப்புத் தேர்வே நீண்ட பயணம் என்று எண்ணிய எங்களுக்கு மூச்சு முட்டியது!

துறையைத் தேர்வது எப்படி?

அங்கே மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு வார்டுகளுக்குப் போகின்றனர். பொது மருத்துவம், அறுவை, குழந்தை மருத்துவம், மகப்பேறு, மனநலம், குடும்ப மருத்துவம் என்று ஒவ்வொரு துறையிலும் சில வாரங்கள் பணியாற்றுகின்றனர். நம் நாட்டில் ஹவுஸ் சர்ஜன் காலத்தில் துறை துறையாகச் சுற்றி வருவது போன்றது இது. அப்போதுதான் மனம் ஒரு பக்கம் சாயத் தொடங்கும்.

"அந்த நாள்களில் உங்களையே நீங்கள் கவனியுங்கள்" என்றார் அக்கா. எந்த வார்டில் நேரம் போவதே தெரியவில்லை? கையால் செய்யும் வேலை பிடிக்கிறதா, நோயாளியோடு அமர்ந்து பேசுவது பிடிக்கிறதா? ஒரே நோயாளியைப் பல ஆண்டுகள் பார்க்க விருப்பமா, அல்லது அவசரப் பிரிவில் வருவோரைக் காப்பாற்றி அனுப்பிவிட்டு அடுத்தவரைப் பார்க்க விருப்பமா? நடு இரவில் எழுப்பினால் தெளிவாகச் சிந்திக்க முடியுமா? நுண்ணோக்கியின் முன் தனியாக அமர்ந்து நோயைக் கண்டுபிடிப்பதில் இன்பம் காண்பவரும் உண்டு. நோயாளி அவரை ஒருபோதும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் சொல்லும் விடையை வைத்தே சிகிச்சை முடிவாகிறது.

மற்றொரு அளவுகோலையும் அக்கா சொன்னார். ஒவ்வொரு துறையிலும் வியப்பூட்டும் நோய்கள் சில உண்டு. அவற்றைப் பார்த்து மயங்கக்கூடாது. அத்துறையில் நாள்தோறும் வரும் சாதாரண வேலை எதுவோ, அதைச் சலிப்பின்றிச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். குழந்தை மருத்துவர் பெரும்பாலும் பார்ப்பது சளியும் காய்ச்சலும், கவலையோடு வரும் தாயையும்தான்.

பணமும் இதில் குறுக்கிடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடன் வாங்கிப் படிக்கும் அமெரிக்க மருத்துவ மாணவர், படிப்பை முடிக்கும்போது பொதுவாகச் சுமார் 2,00,000 டாலர் கடனுடன் வெளியே வருகிறார். தோல் மருத்துவம், எலும்பு அறுவை போன்ற துறைகளில் வருமானம் அதிகம். அவற்றுக்குப் போட்டியும் அதிகம். குழந்தை மருத்துவத்திலும் குடும்ப மருத்துவத்திலும் வருமானம் குறைவு. ஆகவே மனம் ஒன்று சொல்ல, கடன் வேறொன்று சொல்லும்.

பெண்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. "பெண்ணுக்கு ஏற்றது மகப்பேறுதான், எலும்பு அறுவைக்கு ஆண் வலிமை வேண்டும்" என்பார்கள். இன்று அமெரிக்காவில் மகப்பேறு மருத்துவப் பயிற்சியில் இருப்பவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் பெண்கள். எலும்பு அறுவைப் பயிற்சியிலோ நால்வரில் ஒருவர்கூடப் பெண் இல்லை. விரும்பி மகப்பேறு மருத்துவரானவரை நாம் வணங்க வேண்டும். ஆனால் வேறு கதவுகள் மூடியிருப்பதாக எண்ணி அங்கே போனவர் எத்தனை பேர் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

மருத்துவமனையைத் தேர்வது எப்படி?

துறை முடிவான பின், எந்த மருத்துவமனையில் பயில்வது என்ற கேள்வி எழுகிறது. செப்டம்பரில் விண்ணப்பம் அனுப்புகின்றனர். கல்லூரியின் மதிப்பீடு, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், தேசியத் தேர்வுகளின் முடிவுகள், தாம் ஏன் இத்துறையை விரும்புகிறோம் என்று தாமே எழுதும் ஒரு கட்டுரை ஆகியவற்றை இணைக்க வேண்டும். தேசியத் தேர்வின் முதற்படிக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் இல்லை. தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே சொல்கின்றனர். ஓர் எண்ணை வைத்தே மனிதரை எடைபோடுகிறார்கள் என்ற குறை நெடுநாளாக இருந்ததே இதற்குக் காரணம்.

பின்னர் நேர்முகம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் பெரும்பாலான நேர்முகங்கள் கணினித் திரையிலேயே நடைபெறுகின்றன. மருத்துவமனை மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் அது. மாணவர் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் நேரமும் அதுவே. அங்கே என்னென்ன நோயாளிகள் வருகிறார்கள்? மூத்தவர்கள் அருகில் நின்று கற்றுத் தருகிறார்களா? பயிற்சியை முடித்துச் சென்றவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? தவறு நேர்ந்தால் அதை அச்சமின்றிச் சொல்ல முடியுமா? இவற்றைத் தலைவர்களிடம் கேட்பதைவிட, அங்கே பயின்றுகொண்டிருக்கும் ரெசிடென்ட்களிடம் தனியே கேட்பது நலம். "அவர்கள் வாயால் சொல்லாததை முகம் சொல்லிவிடும்" என்று அக்கா சிரித்தார்.

வேலை நேரம் முக்கியமான செய்தி. 1984ஆம் ஆண்டு நியூயார்க்கில் 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்ந்தாள். சில மணி நேரத்தில் இறந்துவிட்டாள். நீண்ட நேரம் தொடர்ந்து வேலை செய்யும் பயிற்சி மருத்துவர்களிடம், போதிய மேற்பார்வையின்றி நோயாளிகளை விட்டுவைப்பது முறையா என்று அவளுடைய தந்தை நாடறியக் கேள்வி எழுப்பினார். அதன் பயனாக 1989இல் நியூயார்க் மாநிலமும், 2003இல் நாடு முழுவதும், ரெசிடென்ட்களின் வேலை வாரத்துக்குச் சராசரி 80 மணிக்கு மிகக்கூடாது என்று விதி வகுத்தன. எங்களைவிட ஓரிரு வயதே மூத்த ஒரு பெண்ணின் மரணம் அந்த விதியின் பின்னால் இருக்கிறது என்று கேட்டபோது வகுப்பறையில் சத்தமே இல்லை.

இரண்டு பட்டியல்களும் ஒரு கணக்கும்

நேர்முகங்கள் முடிந்த பின் நடப்பதுதான் வியப்பு. மாணவர் தாம் விரும்பும் பயிற்சியிடங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் தருகிறார். ஒவ்வொரு மருத்துவமனையும் தான் விரும்பும் மாணவர்களை அவ்வாறே வரிசைப்படுத்துகிறது. ஒருவர் பட்டியல் மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் கணினி பொருத்துகிறது. இதற்கு 'மேட்ச்', அதாவது பொருத்தம் என்று பெயர். கலியாணப் பொருத்தம் நினைவுக்கு வருகிறதல்லவா? இதிலே ஜாதகம் இல்லை, கணக்கு இருக்கிறது.

இம்முறை வருவதற்கு முன் பெரும் குழப்பம் நிலவியது. நல்ல மாணவர்களைப் பிடித்துவிட வேண்டும் என்று மருத்துவமனைகள் முந்திக்கொண்டன. 1940களில் படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே இடம் தருவதாகச் சொல்லும் நிலை வந்தது. பின்பு, "இன்றே விடை சொல், இல்லையேல் இடம் போய்விடும்" என்ற நெருக்கடி. இதற்குத் தீர்வாக 1952இல் நாடு தழுவிய பொருத்தம் தொடங்கியது. முதலில் முன்மொழியப்பட்ட கணக்கில் ஒரு குறை இருந்தது. கிடைப்பதற்கரிய இடத்தை முதலில் எழுதிய மாணவர், அது கிடைக்காதபோது மற்ற இடங்களையும் இழக்கக்கூடும். இதைக் கண்டு மாணவர்களே எதிர்ப்புத் தெரிவித்தனர், கணக்கு திருத்தப்பட்டது. 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்னும் இருவர் இவ்வகைப் பொருத்தத்தின் கணிதத்தை விளக்கிக் கட்டுரை எழுதினர். ஆல்வின் ராத் என்னும் அறிஞர் மருத்துவர்களின் பொருத்தத்தை ஆராய்ந்து அதைச் சீர்திருத்த உதவினார். மாணவர் விருப்பத்திலிருந்து தொடங்கும் புதிய முறை 1998 முதல் நடைமுறையில் உள்ளது. ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

"முதலில் எழுதியது கிடைக்காவிட்டால் இரண்டாவதையும் வேறு யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்களே, அக்கா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அக்கா சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார். அதை இங்கே தருகிறோம்.

மேரி, கமலா, பாத்திமா என்று மூன்று மாணவியர். அ, ஆ, இ என்று மூன்று மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் ஒரே இடம்.

மேரியின் விருப்பம்: அ, ஆ, இ.
கமலாவின் விருப்பம்: அ, ஆ, இ.
பாத்திமாவின் விருப்பம்: ஆ, அ, இ.

அ மருத்துவமனையின் விருப்பம்: கமலா, மேரி, பாத்திமா.
ஆ மருத்துவமனையின் விருப்பம்: மேரி, பாத்திமா, கமலா.
இ மருத்துவமனையின் விருப்பம்: பாத்திமா, கமலா, மேரி.

முதலில் மேரி அ-வைக் கேட்கிறாள். இடம் காலி; தற்காலிகமாக அமர்கிறாள். பாத்திமா ஆ-வைக் கேட்டு அங்கே தற்காலிகமாக அமர்கிறாள். அடுத்துக் கமலா அ-வைக் கேட்கிறாள். அ-வுக்கு மேரியைவிடக் கமலாவையே பிடிக்கும். ஆகவே மேரி எழுந்து தன் இரண்டாவது விருப்பமான ஆ-வுக்குப் போகிறாள். அங்கே பாத்திமா முன்பே இருக்கிறாள். ஆனால் ஆ-வின் பட்டியலில் மேரியே முதலில் இருப்பதால் மேரிக்கு அவ்விடம் கிடைக்கிறது. எழுந்த பாத்திமா அ-வைக் கேட்கிறாள். அங்கே கமலா இருப்பதால் கிடைக்கவில்லை. பின்பு இ-யைக் கேட்கிறாள், கிடைக்கிறது. இப்போதுதான் எல்லா இடங்களும் உறுதியாகின்றன.

மேரி ஆ-வை இரண்டாவதாக எழுதியதால் ஏதேனும் இழந்தாளா? இல்லை. பிந்தி வந்தாலும் முதலில் கேட்டவளைப் போலவே அவளை மதித்தார்கள். பாத்திமாவுக்கு அநீதி நேர்ந்ததா? அவளுக்கு மேலாகப் பிடித்த இரு இடங்களும் தமக்கு மேலாகப் பிடித்தவரைப் பெற்றுவிட்டன. தம் பொருத்தத்தை உடைத்துக்கொண்டு ஒன்றுசேர விரும்பும் மாணவியும் மருத்துவமனையும் இப்பொருத்தத்தில் இல்லை. இதையே நிலையான பொருத்தம் என்கின்றனர்.

ஆகவே அங்குள்ள ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "எது கிடைக்கும் என்று கணக்குப் போடாதே. எது வேண்டும் என்று உண்மையை எழுது." தந்திரம் செய்வதால் பயனில்லாதபடி அமைத்த ஏற்பாடு இது.

அந்த வெள்ளிக்கிழமை

மார்ச் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவு வெளியாகும். அந்த வாரத் திங்கள்கிழமையே இடம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் சொல்வார்கள். கிடைக்காதவர்கள் எஞ்சிய இடங்களுக்கு அந்த வாரத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்த மருத்துவமனை என்பது வெள்ளியன்றுதான் தெரியும். முடிவுக்கு மாணவரும் மருத்துவமனையும் கட்டுப்பட்டவர்கள். ஆண்டுதோறும் 40,000க்கு மேற்பட்ட இடங்கள் இருந்தாலும், அந்நாட்டுக் கல்லூரிகளில் எம்.டி. முடிப்போரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு இடம் கிடைக்க, வெளிநாட்டில் படித்து வரும் அயல்நாட்டினரில் பத்தில் ஆறு பேர் அளவுக்கே கிடைக்கிறது.

இடம் கிடைக்காதவர்களில் நம் அக்காவும் ஒருவர்! முதல் ஆண்டு அவர் பொது மருத்துவத்துக்கு விண்ணப்பித்தார். "மனநோய் வைத்தியம் பார்க்கவா இவ்வளவு படித்தாய்? வெளியில் சொன்னால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று உறவினர் கேட்டதே காரணம். நேர்முகத்தில் "ஏன் இத்துறை?" என்று கேட்டபோது மனப்பாடம் செய்த விடைதான் வந்ததாம். திங்கள்கிழமை வந்தது, இடம் இல்லை. அன்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசவும் முடியாமல் அழுததாகக் கூறினார்.

பிறகு தம் ஹவுஸ் சர்ஜன் நாள்களை எண்ணிப் பார்த்தார். குழந்தை பிறந்த பின் யாரோடும் பேசாமல் சுவரையே பார்த்திருந்த ஒரு தாய் நினைவுக்கு வந்தாள். வேலை முடிந்ததும் நாள்தோறும் சிறிது நேரம் அவளருகில் அக்கா அமர்ந்திருப்பாராம். மனநலத் துறையினரின் சிகிச்சையால் மெல்லத் தேறிய அவள், ஒருநாள் "என் பிள்ளையைக் கொடுங்கள்" என்று கை நீட்டினாள். "அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு வேண்டியது எது என்று அப்போதே தெரிந்திருந்தது. சொல்லத்தான் துணிவில்லை" என்றார் அக்கா. அடுத்த ஆண்டு மனநல மருத்துவத்துக்கு விண்ணப்பித்தார். பெயர் பெற்ற நகரத்து மருத்துவமனையை விட்டு, ஏழைகள் மிகுதியாக வரும் ஒரு சிற்றூர் மருத்துவமனையை முதலில் எழுதினார். மூன்றாவதாக எழுதியது கிடைத்தது. "முதலாவது கிடைக்கவில்லையே என்று வருந்தினீர்களா?" என்றோம். "மூன்றையும் நான் உண்மையாகவே விரும்பி எழுதியிருந்தேன். அதனால் வருத்தம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை" என்றார்.

நமக்கு என்ன?

நம் நாட்டில் முறை வேறு. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் முதுநிலை நீட் தேர்வு எழுதி, தரவரிசைப்படி கலந்தாய்வில் துறையையும் கல்லூரியையும் பெறுகின்றனர். 'பி.ஜி. சீட்' கிடைப்பதே பெரும்பாடு என்பதால், விருப்பத்தைவிடத் தரவரிசையே பலருக்குத் துறையை முடிவுசெய்துவிடுகிறது. எனினும் விருப்பப் பட்டியல் நம் எல்லோருக்கும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் தோழியர் கணினியில் கல்லூரிகளை வரிசையாக எழுத வேண்டும். அங்கும் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, தரவரிசைப்படி கிடைக்கக்கூடிய முதல் இடத்தையே ஒதுக்குகின்றனர். ஆகவே "இது எங்கே கிடைக்கப் போகிறது" என்று அஞ்சி, பிடித்ததைக் கீழே தள்ளாதீர்கள்.

பெற்றோருக்கும் பணிவோடு ஒரு சொல். எங்கள் பட்டியலை எழுதும்போது அருகில் இருங்கள். கட்டணம், தூரம், பாதுகாப்பு ஆகியவற்றை எங்களைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆனால் பேனா எங்கள் கையில் இருக்கட்டும். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதற்காக எழுதப்பட்ட முதல் வரி, நம் அக்காவுக்கு ஓர் ஆண்டைச் செலவாக்கியது.

விடைபெறும் முன் அக்கா எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, உண்மையாக விரும்பும் மூன்று வேலைகளை எழுதச் சொன்னார். யாரிடமும் காட்ட வேண்டாம் என்றார். மணி அடித்த பின்பும் பலர் முதல் வரியிலேயே நின்றிருந்தோம். "டாக்டர்" என்று எழுதி அடித்தவர்களும் உண்டு. அடித்துவிட்டு மீண்டும் அதையே எழுதியவர்களும் உண்டு. அந்தத் தாள்களை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம். நீங்களும் ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்களேன்!

— பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவியர்